ஆங்கிலத்தில் வருத்தப்படுவது எப்படி?

தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன யாரையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒரு ஆங்கில வாக்கியம் தடையில்லாமல் வரும். "ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்..." என்று ஆரம்பிக்கும் விடுப்புக் கடிதம்தான் அது. அக்கா கல்யாணத்துக்கு லீவு கேட்டு "ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் மை சிஸ்டர்ஸ் மேரேஜ்" என்று எழுதிய மாணவனைப் பற்றிய ஜோக்கும் எல்லாப் பள்ளியிலும் உண்டு.

விடுப்புக் கடிதம், புத்தகக் கடைக்கு ஆர்டர் கடிதம், தெருவிளக்கு எரியவில்லை என்று நகராட்சி ஆணையருக்குப் புகார்க் கடிதம். பள்ளியில் சொல்லித்தரும் ஆங்கிலக் கடிதங்கள் பெரும்பாலும் இவ்வளவுதான். பிறகு ஒருநாள் வெளிநாட்டில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்த மாணவனுக்கு, அவனுடைய பேராசிரியரின் மனைவி இறந்துவிட்டார் என்று செய்தி வருகிறது. மூன்று வரி எழுதவேண்டும். மாதிரிக் கடிதம் மனப்பாடத்தில் இல்லை. கூகிளில் தேடி 'ஹார்ட்ஃபெல்ட்', 'டீப்பஸ்ட்', 'இர்ரிப்பேரபிள்' என்று பெரிய பெரிய சொற்களாகப் பொறுக்கி ஒட்டி அனுப்புகிறான். மனதில் இருந்த வருத்தம் உண்மை. ஆனால் போய்ச் சேர்ந்தது ஒரு மலர்வளைய ரிப்பன்!

இலக்கணப் பிழை என்றால் படிக்கிறவர் மன்னித்துவிடுவார். உணர்ச்சியைச் சொல்லும் இடத்தில் பிழை வந்தால் அது பிழை என்றே அவருக்குத் தெரியாது. எழுதியவரின் குணம் அப்படி என்று நினைத்துக்கொள்வார். சிக்கல் அங்கேதான்.

முதலில் அடிப்படையான ஒரு வித்தியாசம். தமிழில் உணர்ச்சி என்பது வந்துபோகிற விருந்தாளி மாதிரி. எனக்குக் கோபம் வருகிறது, எனக்குப் பயமாக இருக்கிறது, எனக்குப் போரடிக்கிறது. எல்லாம் 'எனக்கு', அதாவது நான்காம் வேற்றுமை. உணர்ச்சி எங்கிருந்தோ வருகிறது, ஆள் அதை வாங்கிக்கொள்கிறார். ஆங்கிலத்தில் 'ஐ ஆம் ஆங்ரி', 'ஐ ஆம் ஸ்கேர்டு' என்று ஆளே எழுவாயாக முன்னால் வந்து நிற்கவேண்டும். 'எனக்கு' என்று யோசித்து 'ஐ' என்று எழுதும்போதுதான் கால் இடறுகிறது.

'ஐ ஆம் போரிங்' என்று எழுதினால் எனக்குப் போரடிக்கிறது என்று அர்த்தமில்லை. நான் ஒரு அறுவை என்று அர்த்தம். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது 'ஐ ஆம் வெரி இன்ட்ரஸ்டிங் இன் யுவர் கம்பெனி' என்று எழுதுகிறவர், தான் ரொம்ப சுவாரஸ்யமான ஆள் என்று தனக்கே சான்றிதழ் கொடுத்துக்கொள்கிறார். 'இங்' என்று முடிந்தால் அந்த உணர்ச்சியை உண்டாக்குகிறவர், 'எட்' என்று முடிந்தால் அந்த உணர்ச்சிக்கு ஆளானவர். இவ்வளவுதான் விதி. மதிப்பெண் குறைந்த மாணவன் ஆசிரியருக்கு 'ஐ ஆம் வெரி டிஸப்பாயின்டிங்' என்று எழுதினால், சொல்ல நினைத்தது வேறு, ஆனால் ஆசிரியர் ஒத்துக்கொள்ளக்கூடும் :-)

இதே வகையில் இன்னொன்று 'டவுட்'. நமக்கு சந்தேகம் என்றால் புரியாத இடம். வகுப்பில் கை தூக்கி 'சார், டவுட்' என்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. ஆனால் இங்கிலாந்திலோ அமெரிக்காவிலோ இருக்கும் பேராசிரியருக்கு 'ஐ ஹாவ் சம் டவுட்ஸ் அபவுட் யுவர் பேப்பர்' என்று மின்னஞ்சல் போனால், உங்கள் ஆய்வில் எனக்கு நம்பிக்கை இல்லை என்றுதான் அவர் படிப்பார். 'கொஸ்டின்' என்று ஒரு சொல்லை மாற்றினால் போதும். கேட்டது பாடம், போய்ச் சேர்ந்தது அவநம்பிக்கை என்று ஆகாது.

இப்போது 'சாரி'க்கு வருவோம். ஆங்கிலத்தின் உணர்ச்சிச் சொற்களில் இதைப்போல அதிகமாக உழைக்கும் சொல் இன்னொன்று இருக்குமா என்பது சந்தேகமே (இது தமிழ்ச் சந்தேகம் இல்லை, ஆங்கிலச் சந்தேகம்!). காலை மிதித்தாலும் சாரி, காது கேட்காவிட்டாலும் சாரி, அப்பா இறந்தாலும் சாரி. பழைய ஆங்கிலத்தில் வலி, புண் என்ற பொருள் தரும் சொல்லிலிருந்து வந்தது இது. தொண்டைப் புண்ணை 'சோர் த்ரோட்' என்கிறார்களே, அந்த 'சோர்' இதன் உறவுக்காரன். துக்கத்தைக் குறிக்கும் 'சாரோ' ஒலியில் நெருக்கமாக இருந்தாலும் வேறு வேரிலிருந்து வந்தது. ஆக, சாரி என்பதன் ஆதிப் பொருள் மன்னிப்பு அல்ல, 'எனக்கு வலிக்கிறது' என்பதுதான். பிறகுதான் 'நான் செய்ததை நினைத்தால் வலிக்கிறது' என்று மன்னிப்பும் அதற்குள் வந்து உட்கார்ந்தது.

தமிழில் இரண்டும் தனித்தனி. வருத்தமாக இருக்கிறது என்பது வேறு, மன்னித்துக்கொள்ளுங்கள் என்பது வேறு. ஆங்கிலத்தில் ஒரே சொல்லுக்குப் பின்னால் வரும் குட்டிச் சொல்தான் எது எது என்று காட்டிக்கொடுக்கும். 'சாரி ஃபார் த டிலே' என்றால் தாமதம் என் தப்பு. 'சாரி டு ஹியர் தட்' என்றால் கேள்விப்பட்டு வருந்துகிறேன், தப்பு யாருடையதாகவும் இருக்கலாம். 'சாரி ஃபார் யுவர் லாஸ்' என்றால் இரங்கல். இதில் 'யுவர் லாஸ்' என்பதைச் சுருக்கி 'ஐ ஃபீல் சாரி ஃபார் யூ' என்று எழுதிவிட்டால் போச்சு! அது 'உன்னைப் பார்த்தால் பரிதாபமாக இருக்கிறது' என்று ஆகிவிடும். கோபத்தில் எதிராளியை மட்டம் தட்டவும் இதே வாக்கியத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள். மனைவியை இழந்தவருக்கு அது போய்ச் சேர்ந்தால் எப்படி இருக்கும்?

இந்த ஒரு சொல்லின் இரட்டைப் பொருளை வைத்து இரண்டு வல்லரசுகள் ஒரு சண்டையையே முடித்திருக்கின்றன. 2001 ஏப்ரல் 1-ஆம் தேதி தென்சீனக் கடலின் மேல் அமெரிக்க உளவு விமானம் ஒன்றும் சீனப் போர் விமானம் ஒன்றும் மோதிக்கொண்டன. சீன விமானி வாங் வெய் இறந்தார். அமெரிக்க விமானம் அனுமதி இல்லாமல் சீனாவின் ஹைனான் தீவில் இறங்கியது. அதிலிருந்த 24 பேரையும் சீனா பிடித்துவைத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்கச் சொன்னது. அமெரிக்கா முதலில் 'ரிக்ரெட்' என்று பார்த்தது. எடுபடவில்லை. கடைசியில் ஏப்ரல் 11 அன்று அமெரிக்கத் தூதர் கொடுத்த கடிதத்தில் இரண்டு இடங்களில் 'வெரி சாரி' வந்தது. விமானியின் மரணத்துக்கு ஒன்று, அனுமதி பெறாமல் இறங்கியதற்கு ஒன்று. சீன அரசு இதை மன்னிப்பு என்று தன் மக்களுக்குச் சொன்னது. அமெரிக்க அரசு இது மன்னிப்பு அல்ல, வருத்தம் என்று தன் மக்களுக்குச் சொன்னது. 24 பேரும் வீடு திரும்பினார்கள். தமிழில் அந்தக் கடிதத்தை எழுதியிருந்தால் ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்தே ஆகவேண்டியிருந்திருக்கும்.

'ரிக்ரெட்'டுக்கும் 'சாரி'க்கும் இடையே எவ்வளவு தூரம் என்று தெரிந்துகொள்ள ஆஸ்திரேலியாவுக்குப் போகவேண்டும். அங்கே பழங்குடிக் குழந்தைகளைப் பல பத்தாண்டுகளாக அரசே பெற்றோரிடமிருந்து பிரித்து எடுத்துக்கொண்டு போனது. 1997-ல் இதைப் பற்றிய விசாரணை அறிக்கை வந்தது. அடுத்த ஆண்டிலிருந்து மே 26-ஐ 'சாரி டே' என்று கடைப்பிடிக்க ஆரம்பித்தார்கள். 1999-ல் பிரதமர் ஜான் ஹோவர்ட் நாடாளுமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானத்தில் ஆழ்ந்த, உண்மையான 'ரிக்ரெட்' இருந்தது. 'சாரி' இல்லை. அவர் கடைசிவரை அதைச் சொல்லவில்லை. 2000 மே மாதம் சிட்னி துறைமுகப் பாலத்தின் மேல் சுமார் இரண்டரை லட்சம் பேர் நடந்தபோது, தலைக்கு மேல் ஒரு விமானம் புகையால் அந்த ஒற்றைச் சொல்லை வானத்தில் எழுதிக்காட்டியது. 2008 பிப்ரவரி 13 அன்றுதான் புதிய பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் எழுந்து 'சாரி' என்றார். அதைக் கேட்கக் கூடியிருந்தவர்களில் பலர், சிறுவயதில் பிரிக்கப்பட்டு இப்போது முதியவர்களாகிவிட்டவர்கள், அழுதார்கள்.

'ரிக்ரெட்' என்றால் இப்படி நடந்திருக்க வேண்டாம் என்று தூரத்தில் நின்று சொல்வது. சம்பவத்துக்கும் சொல்கிறவருக்கும் நடுவில் ஒரு கண்ணாடி இருக்கும். ரயில் தாமதத்துக்கு 'இன்கன்வீனியன்ஸ் இஸ் டீப்லி ரிக்ரெட்டட்' என்று நம் ரயில்வே அறிவிக்கிறதே, அந்த வாக்கியத்தில் வருந்துகிற ஆளே கிடையாது, கவனித்துப் பாருங்கள். ஆஸ்திரேலியப் பழங்குடியினர் பேசும் ஆங்கிலத்திலோ, சாவு வீட்டுச் சடங்குகளுக்கும் துக்கம் காப்பதற்கும் 'சாரி பிசினஸ்' என்றே பெயர். அவர்களுக்கு அது கண்ணாடிக்கு அப்பால் நின்று சொல்லும் சொல் அல்ல, பக்கத்தில் வந்து உட்காரும் சொல். அதனால்தான் வேறு எந்தச் சொல்லையும் ஏற்கவில்லை போலும்.

நமக்கும் இதில் பங்கு உண்டு. ஜாலியன்வாலா பாக்கில் 1919-ல், பிரிட்டிஷ் அரசின் கணக்குப்படியே 379 பேர் கொல்லப்பட்டார்கள். நூறாண்டு நிறையும் வாரத்தில், 2019 ஏப்ரல் 10 அன்று, பிரதமர் தெரசா மே லண்டன் நாடாளுமன்றத்தில் சொன்னது 'ரிக்ரெட்'. அதோடு 'டீப்லி'யும் இருந்தது. 'டீப்லி' சேர்த்தால் 'ரிக்ரெட்' ஆழமாகுமே தவிர 'சாரி' ஆகிவிடாது.

சட்டமும் இந்தச் சொல்லைப் பார்த்துப் பயந்திருக்கிறது. விபத்தில் அடிபட்டவரிடம் 'சாரி' என்று சொன்னால் தப்பை ஒத்துக்கொண்டதாக வழக்குப் போடுவார்களோ என்று மருத்துவர்களும் ஓட்டுநர்களும் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். அதனால் 2006-ல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம், மன்னிப்புக் கேட்டாலே தவறை ஏற்றதாகாது என்று தனியாக ஒரு சட்டம் இயற்றியது. அதே ஆண்டு இங்கிலாந்திலும் இழப்பீட்டுச் சட்டத்தில் அப்படி ஒரு பிரிவு வந்தது. மனிதன் மனிதனிடம் வருத்தப்பட சட்டத் திருத்தம்! என்னத்தைச் சொல்ல.

சரி, இரங்கல் கடிதத்துக்குத் திரும்புவோம். இங்கே நம் பழக்கமும் அவர்கள் பழக்கமும் நேர் எதிராக மோதுகிற இடம் ஒன்று இருக்கிறது. நம்மிடம் அந்தக் காரியத்துக்குப் பெயரே துக்கம் 'விசாரிப்பது'. போய் உட்கார்ந்து, எப்படி ஆச்சு, எத்தனை நாளா முடியாம இருந்தாங்க, கடைசியா என்ன பேசினாங்க என்று கேட்கவேண்டும். கேட்காமல் வந்தால்தான் குறை. இழந்தவர் அதே கதையை வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிச் சொல்லியே பாரத்தை இறக்குகிறார். இதை அப்படியே ஆங்கில மின்னஞ்சலில் 'ஹவ் டிட் ஷி டை?' என்று எழுதினால் போலீஸ் விசாரணை மாதிரி இருக்கும். அங்கே கேள்வி கேட்பதில்லை. பேச விரும்பினால் இருக்கிறேன் என்று கதவைத் திறந்து வைப்பதோடு சரி.

அதுபோலத்தான் 'அட் லீஸ்ட்'. எண்பத்தைந்து வயதில் பேரன் பேத்தி எல்லாம் பார்த்துவிட்டுப் போனால் நம் ஊரில் கல்யாணச் சாவு. அதைச் சொல்லியே ஆறுதல்படுத்துவோம், கேட்கிறவரும் தலையாட்டுவார். 'அட் லீஸ்ட் ஷி லிவ்டு எ லாங் லைஃப்' என்று ஆங்கிலத்தில் எழுதினால், நீ இவ்வளவு வருத்தப்பட வேண்டியதில்லை என்று கணக்குப் பார்த்துச் சொன்னதாக எடுத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம்.

இறந்ததைக் குறிக்கும் சொல்லிலும் கவனம் வேண்டும். நம் அலுவலகங்களில் 'ஹிஸ் ஃபாதர் எக்ஸ்பயர்டு' என்பது சர்வ சாதாரணம். இன்றைய இங்கிலாந்துக்காரர் காதில் எக்ஸ்பயர் ஆவது பாஸ்போர்ட்டும் பால் பாக்கெட்டும். 'பாஸ்டு அவே' போதும். 'டைடு' என்று நேராக எழுதினாலும் அங்கே மரியாதைக் குறைவில்லை.

பெரிய சொற்கள் இல்லாமல் இரங்கல் எழுத முடியுமா என்று கேட்பவர்கள், ஆபிரகாம் லிங்கன் 1862 டிசம்பர் 23 அன்று ஃபானி மெக்கல்லோ என்ற இளம்பெண்ணுக்கு எழுதிய கடிதத்தைத் தேடிப் படிக்கலாம். உள்நாட்டுப் போரில் இறந்த அவளுடைய தந்தை, லிங்கனுக்குப் பழைய நண்பர். அந்தக் கடிதத்தில் தந்தையின் வீரத்துக்குப் புகழ்மாலை இல்லை. துக்கம் எல்லோருக்கும் வரும், ஆனால் இளையவர்களுக்கு அது எதிர்பாராமல் வருவதால் அதிகம் வலிக்கும் என்கிறார். இனி எப்போதும் மனம் ஆறாது என்றுதான் உனக்கு இப்போது தோன்றும், அது அப்படியல்ல, அனுபவித்தவன் சொல்கிறேன் என்கிறார். லிங்கன் ஒன்பது வயதில் தாயை இழந்தவர். அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் மகன் வில்லியையும் இழந்திருந்தார். மகன் பெயரைக் கடிதத்தில் எடுக்கவே இல்லை. ஒரு நாட்டின் ஜனாதிபதி, நடுப்போரில் உட்கார்ந்து எழுதியது. சொற்கள் எல்லாம் சாதாரணமானவை. ஆனால் எழுதுகிறவர் யார், எதற்காக வருந்துகிறார், யாரிடம் சொல்கிறார் என்பதில் ஒரு இடத்திலும் குழப்பம் இல்லை.

சந்தோஷத்தை எழுதுவதில் இவ்வளவு ஆபத்து இல்லை. பாராட்டும்போது 'காங்கிராஜுலேஷன்ஸ்' பின்னால் 'ஆன்' போடுவது வழக்கம் என்று தெரிந்தால் போதும். ஆனால் அளவு விஷயத்தில் ஊருக்கு ஊர் தராசு வேறு. அமெரிக்கர் 'கொயட் குட்' என்றால் நன்றாகவே இருக்கிறது. ஆங்கிலேயர் அதையே சொன்னால், சுமார் என்று பொருளாக இருக்கலாம். பிரிட்டிஷ் பேராசிரியர் 'ஐ வாஸ் எ பிட் டிஸப்பாயின்டட்' என்று எழுதியிருந்தால், 'எ பிட்'டைப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். அவர் நன்றாகவே கடுப்பில் இருக்கிறார். 'ஐ ஆம் அஃப்ரெய்ட்' என்று வாக்கியத்தை ஆரம்பித்தால் அவருக்குப் பயம் ஒன்றும் இல்லை, இல்லை என்று சொல்லப்போகிறார்.

சுருக்கெழுத்து இன்னும் மோசம். இங்கிலாந்தின் பிரதமராக இருந்த டேவிட் காமரூன், பத்திரிகை நிறுவன நிர்வாகி ரெபெக்கா புரூக்ஸுக்கு அனுப்பிய குறுஞ்செய்திகளின் முடிவில் 'எல்.ஓ.எல்.' என்று போட்டுக்கொண்டிருந்தாராம், 'லாட்ஸ் ஆஃப் லவ்' என்று நினைத்து. அது வாய்விட்டுச் சிரிப்பதைக் குறிக்கும் என்று தான் சொன்ன பிறகே நிறுத்தினார் என்று 2012-ல் விசாரணைக் குழு முன் புரூக்ஸ் சாட்சி சொன்னார். ஆங்கிலத்தில் பிறந்து, ஈட்டனிலும் ஆக்ஸ்ஃபோர்டிலும் படித்தவருக்கே இந்தக் கதி என்றால், 'சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்' கோஷ்டி கொஞ்சம் ஆறுதல் அடையலாம்.

மனைவியை இழந்த அந்தப் பேராசிரியருக்கு எழுதவேண்டிய மூன்று வரியை இப்படி எழுதலாம். 'டியர் ப்ரொஃபெஸர்' என்று அவர் பெயர். அடுத்து, 'ஐ ஆம் ஸோ சாரி அபவுட் யுவர் வைஃப்.' மனைவியின் பெயர் தெரிந்திருந்தால் 'யுவர் வைஃப்' இடத்தில் பெயரையே போடுவது மேல். இரண்டாவது வரியில், அவரைப் பற்றி நினைவிருக்கும் ஏதாவது ஒரு சின்ன விஷயம். கிறிஸ்துமஸ் விருந்துக்கு அழைத்தபோது மாணவர்களில் யார் யார் மாமிசம் சாப்பிடமாட்டார்கள் என்று கேட்டுத் தனியாகச் சமைத்துவைத்தாரே, அது போதும். சந்தித்ததே இல்லை என்றால் இந்த வரியை விட்டுவிடுங்கள், இட்டுக்கட்ட வேண்டாம். மூன்றாவது வரி, 'ப்ளீஸ் டோன்ட் ஃபீல் யூ நீட் டு ரிப்ளை.' பதில் எழுதவேண்டாம் என்பது தமிழில் கொஞ்சம் முகத்தில் அடித்த மாதிரி இருக்கும். ஆங்கிலத்தில், நூறு மின்னஞ்சல்களுக்கு நடுவே உட்கார்ந்திருப்பவர் தோளிலிருந்து ஒரு சுமையை இறக்கிவைப்பது அதுதான்.